செருப்புக்குத் தடையில்லை, ரேஷன் அட்டைக்கு இடமில்லை

புது தில்லி: ஹவாய் செருப்பு அணிந்து நடக்கும் சாமானியரும் விமானத்தில் ஏற வேண்டும் என்று 2017 ஏப்ரல் 27-ஆம் தேதி, சிம்லாவில் 'உடான்' திட்டத்தின் முதல் விமானத்தைத் தொடங்கிவைத்தபோது பிரதமர் நரேந்திர மோடி கூறினார். ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்துக்கு ரூ. 2,500 என்ற உச்சவரம்பை, விமானத்தின் பாதி இருக்கைகளுக்கு விதித்த திட்டம் அது. நாட்டில் விமானப் பயணம் பெருகியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. 2014-இல் 74 ஆக இருந்த, பயணிகள் விமானங்கள் வந்து செல்லும் நிலையங்களின் எண்ணிக்கை பத்தே ஆண்டுகளில் 150-ஐத் தாண்டியது. 2024-ஆம் ஆண்டில் மட்டும் உள்நாட்டு விமானங்களில் 16 கோடிக்கும் அதிகமானோர் பயணம் செய்தனர்.

செருப்பைப் பற்றி விமான நிலைய வாசலில் யாரும் கேட்பதில்லை என்பதும் உண்மையே. அங்கே நிற்கும் மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படை (சிஐஎஸ்எஃப்) வீரர் கேட்பவை இரண்டு. ஒன்று பயணச்சீட்டு, மற்றொன்று புகைப்படத்துடன் கூடிய அசல் அடையாள ஆவணம். அந்த இரண்டாவது கேள்விக்கு, வீட்டுப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த ரேஷன் அட்டையை எடுத்து நீட்டுபவருக்கு வழி கிடைக்காது. இந்த நாட்டின் ஏழைக் குடும்பங்களில் மிகப் பரவலாகப் புழங்கும் அரசு ஆவணம், விமான நிலையத்தில் செல்லத்தக்க ஆவணங்களின் பட்டியலில் இல்லை.

இந்தப் பட்டியலை வகுத்தது யார், எதற்காக வகுத்தார்கள், அதில் இடம்பெறாதவர் என்ன செய்வார் என்பன போன்ற கேள்விகள் நாடாளுமன்றத்தில் அவ்வப்போது தலைகாட்டி மறைகின்றன. கட்டணம் பற்றிய கூச்சலில் அவை எடுபடுவதில்லை.

சீட்டு போய், அட்டை வந்தது: உள்நாட்டு விமானத்தில் ஏற அடையாள ஆவணம் கேட்கும் வழக்கம் இந்த அளவுக்கு வேரூன்றியதில் குறைந்த கட்டண விமான நிறுவனங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. கேப்டன் ஜி.ஆர். கோபிநாத் தொடங்கிய ஏர் டெக்கான், 2003 ஆகஸ்டில் பெங்களூரிலிருந்து ஹூப்ளிக்குத் தனது முதல் சேவையை இயக்கியது. ('சூரரைப் போற்று' திரைப்படம் அவரது வாழ்க்கையைத் தழுவியது என்பது தமிழ் வாசகர்கள் அறிந்ததே.) 2005-இல் ஸ்பைஸ்ஜெட், கோஏர், 2006-இல் இண்டிகோ என அடுத்தடுத்து நிறுவனங்கள் வந்தன. ஒரு ரூபாய்க்குக் கூட டிக்கெட் விற்ற காலம் அது. ஏர் டெக்கான் பின்னர் கிங்ஃபிஷருடன் இணைந்து மறைந்தது. கோஏர், கோ ஃபர்ஸ்ட் எனப் பெயர் மாற்றிக்கொண்டும் 2023 மே மாதத்தில் திவால் நடவடிக்கைக்கு ஆளானது. அவை உண்டாக்கிய பழக்கங்கள் மட்டும் நிலைத்துவிட்டன.

அவற்றுள் முக்கியமானது, டிக்கெட் என்ற பொருளே இல்லாமல் போனதுதான். முன்பெல்லாம் கார்பன் மை படிந்த பல தாள்கள் கொண்ட சிறு புத்தகமாக டிக்கெட் இருந்தது. கையில் வைத்திருப்பவர் அதற்கு உரியவர் என்று ஓரளவு நம்பலாம். குறைந்த கட்டண நிறுவனங்களோ, செலவைக் குறைக்க இணையதளத்திலும் தொலைபேசியிலும் டிக்கெட் விற்றன. ஆறு எழுத்துகளும் எண்களும் கொண்ட பதிவுக் குறியீடும், வெள்ளைத்தாளில் எடுத்த அச்சுப்படியும்தான் பயணியிடம் மிஞ்சின. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமும் 2008 ஜூன் முதல் காகித டிக்கெட் முறையைக் கைவிட்டது. ஒரு தாளை எத்தனை படி வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றான பிறகு, டிக்கெட் யாருடையது என்பதைச் சொல்லும் வேலை அடையாள அட்டையின் தலையில் விழுந்தது.

அந்நாள்களில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு பட்டியலை வைத்திருந்தது. பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை ஆகியவற்றோடு, "புகழ்பெற்ற" தனியார் நிறுவனங்களின் ஊழியர் அட்டையும், புகைப்படம் பதித்த கிரெடிட் கார்டும் கூடச் சில பட்டியல்களில் இருந்தன. வங்கி ஒன்று கடன் கொடுக்கத் தகுதியானவர் என்று கருதிய நபர், விமானத்தில் ஏறவும் தகுதியானவர் ஆனார். ரேஷன் அட்டை அப்போதும் பின்வரிசையில்தான் நின்றது.

கடத்தல்கள் கற்பித்த பாடம்: நிறுவனங்களின் வணிகத் தேவை ஒருபுறமிருக்க, பாதுகாப்பு என்ற காரணத்தையும் புறந்தள்ளிவிட முடியாது. 1976 செப்டம்பர் 10-ஆம் தேதி இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் கடத்தப்பட்டதை அடுத்து அமைக்கப்பட்ட பாண்டே குழுவின் பரிந்துரைப்படி, 1978-இல் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தில் பாதுகாப்புக்கென ஒரு பிரிவு தொடங்கப்பட்டது. 1985 ஜூனில் 329 பேரைப் பலிகொண்ட கனிஷ்கா விமானக் குண்டுவெடிப்புக்குப் பிறகு, 1987 ஏப்ரல் 1 முதல் அது விமானப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு (பிசிஏஎஸ்) என்ற தனித் துறையானது. 1999 டிசம்பரில் காத்மாண்டிலிருந்து தில்லி வரவிருந்த ஐசி-814 விமானம் கந்தஹாருக்குக் கடத்தப்பட்டது. அதன் பின்னர், 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி, விமான நிலையங்களின் காவல் மாநிலக் காவல் துறையினரிடமிருந்து சிஐஎஸ்எஃப் வசம் சென்றது.

ஆனால், கனிஷ்கா கற்பித்த பாடம் அட்டையைப் பற்றியதன்று என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. வான்கூவரில் ஒருவர் பெட்டியை ஒப்படைத்துவிட்டு விமானத்தில் ஏறாமலே நழுவினார். பெட்டி மட்டும் பயணம் செய்தது. பயணி ஏறாவிடில் அவரது பெட்டியையும் இறக்கிவிட வேண்டும் என்ற இன்றைய கட்டுப்பாட்டின் பின்னணி இதுவே. பெயர் என்ன என்று அறிவது வேறு, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அறிவது வேறு. பின்னதற்கு ஊடுகதிர்ச் சோதனையும் உடல் சோதனையும் உள்ளன. அவை அட்டை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒன்றுதான்.

எனவேதான், வாசலில் நடக்கும் அட்டைச் சோதனையால் அதிகப் பலன் பெறுவது விமான நிறுவனங்களே என்ற விமர்சனம் நீண்ட காலமாக உள்ளது. மூன்று மாதம் முன்பு மலிவாக வாங்கிய டிக்கெட்டை, பயணம் தடைப்பட்டால் நண்பருக்கோ உறவினருக்கோ கொடுத்துவிட முடியாது. அவர் அன்றைய விலையில் புதிய டிக்கெட் வாங்க வேண்டும். ஒருவர் டிக்கெட்டில் மற்றவர் பறக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலையை, அரசின் ஆயுதப் படையே வாசலில் நின்று செய்துகொடுக்கிறது.

மற்றொரு செருப்பு: பிரதமர் ஹவாய் செருப்பைப் பற்றிப் பேசுவதற்கு ஐந்து வாரங்கள் முன்பு, வேறொரு செருப்பு நாடாளுமன்றத்தை உலுக்கியிருந்தது. 2017 மார்ச் 23-ஆம் தேதி புணேயிலிருந்து தில்லி வந்த சிவசேனை எம்.பி. ரவீந்திர கெய்க்வாட், இருக்கை தொடர்பான தகராறில் ஏர் இந்தியா அலுவலர் ஒருவரைச் செருப்பால் அடித்தார். அதைத் தொலைக்காட்சிகளிடம் அவரே ஒப்புக்கொண்டார். ஏர் இந்தியாவும் தனியார் விமான நிறுவனங்களும் சேர்ந்து அவருக்குத் தடை விதித்தன. பெயரைச் சற்று மாற்றி மாற்றி எழுதி அவருக்காக டிக்கெட் பதிவு செய்யப்பட்டதாகவும், நிறுவனங்கள் அவற்றைக் கண்டுபிடித்து ரத்து செய்ததாகவும் அப்போது செய்திகள் வந்தன. ஏப்ரல் 6-ஆம் தேதி மக்களவையில் பெரும் அமளி ஏற்பட்டது. விமானப் போக்குவரத்து அமைச்சர் அசோக் கஜபதி ராஜுவைக் கூட்டணிக் கட்சியினரே சூழ்ந்துகொண்டனர். வருத்தம் தெரிவித்து எம்.பி. கடிதம் எழுதியதையடுத்து மறுநாள் தடை விலகியது.

அந்தத் தகராறின் விளைவாகவே, முறைகேடாக நடந்துகொள்ளும் பயணிகளுக்கான தடைப் பட்டியல் விதிகள் 2017 செப்டம்பரில் வெளியாயின. குற்றத்தின் தன்மைக்கேற்ப 3 மாதம், 6 மாதம், 2 ஆண்டு அல்லது அதற்கு மேல் எனத் தடைக்காலம் வகுக்கப்பட்டது. ஆனால், பெயரில் ஓர் எழுத்தை மாற்றி டிக்கெட் வாங்க முடியும் என்றால் தடைப் பட்டியல் எப்படிச் செயல்படும்? டிக்கெட் பதிவின்போதே ஆதார், பாஸ்போர்ட் போன்ற ஏதேனும் ஓர் எண்ணைக் கட்டாயமாக்கும் யோசனை இந்த வழியாகத்தான் அமைச்சகத்தில் முளைத்தது. ஓர் எம்.பி.யின் செருப்புக்கு நாட்டின் எல்லாப் பயணிகளும் எண் கொடுக்க வேண்டுமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 24-ஆம் தேதி அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்ததும் இதே காலகட்டத்தில்தான்.

பத்து ஆவணங்கள்: இந்தச் சூழலில், 2017 அக்டோபர் இறுதியில் பிசிஏஎஸ் ஓர் உத்தரவு பிறப்பித்தது. வாசலில் பயணிகளுக்கும் காவலர்களுக்கும் இடையே நேரும் வாக்குவாதங்களைத் தவிர்ப்பதும், உரிய பயணியே தன் பெயரிலான டிக்கெட்டில் பயணம் செய்வதை உறுதிப்படுத்துவதும் அதன் நோக்கம். பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை, ஆதார் அல்லது செல்பேசியில் உள்ள எம்-ஆதார், பான் அட்டை, ஓட்டுநர் உரிமம், பணி அடையாள அட்டை, மாணவர் அடையாள அட்டை, தேசியமயமாக்கப்பட்ட வங்கியின் சான்றொப்பமிட்ட புகைப்படத்துடன் கூடிய கணக்குப் புத்தகம், புகைப்படத்துடன் கூடிய ஓய்வூதிய ஆவணம், மாற்றுத் திறனாளி அடையாள அட்டை அல்லது மருத்துவச் சான்று என மொத்தம் பத்து.

மேலோட்டமாகப் பார்த்தால் தாராளமான பட்டியல்தான். முன்னர் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபட்டதை ஒழுங்குபடுத்தியது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால், சற்று ஊன்றிப் படித்தால் ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு நிபந்தனை தென்படுகிறது. மாணவர் அட்டை என்றால் அரசு நிறுவனங்கள் வழங்கியதாக இருக்க வேண்டும். கணக்குப் புத்தகம் தேசியமயமாக்கப்பட்ட வங்கியுடையதாக இருக்க வேண்டும். அஞ்சலகச் சேமிப்புப் புத்தகம் பற்றிப் பேச்சே இல்லை. தனியார் நிறுவனப் பணி அட்டை செல்லும். நிறுவனம் என்ற ஒன்றே இல்லாத கட்டடத் தொழிலாளிக்கு அட்டை கொடுப்பவர் யார்?

உரிய ஆவணம் உள்ள பெற்றோருடன் செல்லும் சிறார்களுக்கு ஆவணம் தேவையில்லை என்றும் அந்த உத்தரவு கூறுகிறது. நல்ல சலுகை. எனினும், பேரனை அழைத்துச் செல்லும் பாட்டி பெற்றோர் ஆக மாட்டார். தனியார் பள்ளியின் அட்டை அரசு நிறுவனத்தின் அட்டை ஆகாது. பத்து வயதுச் சிறுவனுக்கு ஓட்டுநர் உரிமமோ, வாக்காளர் அட்டையோ, ஓய்வூதியப் புத்தகமோ இருக்க வழியில்லை. பட்டியலில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தால், பாஸ்போர்ட் எடுக்காத குடும்பத்துக்கு நடைமுறையில் மிஞ்சுவது ஆதார்.

பத்தில் ஒன்றும் இல்லாதவருக்கும் ஒரு கதவு திறந்தே வைக்கப்பட்டது. மத்திய அல்லது மாநில அரசின் 'குரூப் ஏ' நிலை அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி, தனது அலுவலகத் தாளில், புகைப்படத்தில் சான்றொப்பமிட்டு அளிக்கும் அடையாளச் சான்று அது. கைப்பையைத் திருடு கொடுத்தவர், ஊரில் தந்தை இறந்த செய்தி கேட்டு அதிகாலை விமானத்துக்கு ஓடிவருபவர் போன்றவர்களே இந்தக் கதவைத் தட்ட வேண்டியவர்கள். விடியற்காலை 4 மணிக்கு முத்திரையுடன் விழித்திருக்கும் அதிகாரியை எங்கே தேடுவது என்று உத்தரவு சொல்லவில்லை.

ரயிலில் ஒரு நீதி: ரயில்வேயுடன் ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். 2012 டிசம்பர் முதல் முன்பதிவுப் பெட்டிகளில் அடையாள ஆவணம் கட்டாயம். ஆனால், ஒரே டிக்கெட்டில் ஆறு பேர் சென்றால் ஒருவர் காட்டினால் போதும். கணினி முன்பதிவு மையத்தில் வாங்கிய டிக்கெட்டில் சாதாரணப் படுக்கை வசதி, இரண்டாம் வகுப்பு இருக்கை ஆகியவற்றில் செல்வோருக்கு, புகைப்படம் உள்ள ரேஷன் அட்டையின் சான்றொப்பமிட்ட நகலே செல்லும் என ரயில்வே இடமளித்தது. குளிர்சாதனப் பெட்டிக்கு அந்தச் சலுகை இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ரேஷன் அட்டை வைத்திருப்பவர் எந்தப் பெட்டியில் ஏறுவார் என்பதை ரயில்வே முன்கூட்டியே முடிவு செய்திருந்தது போலும். விமானப் போக்குவரத்துத் துறையின் எண்ணமும் அதுவாகவே இருந்திருக்கலாம். 'உடான்' அறிவிப்புக்குப் பிறகும் அந்த எண்ணம் மாறவில்லை என்பதுதான் வியப்பு.

தேர்தல் ஆணையத்தின் பட்டியல் இன்னும் சுவையானது. 2024 மக்களவைத் தேர்தலில் வாக்காளர் அட்டை இல்லாதவர்கள் வாக்குச்சாவடியில் காட்டத்தக்க மாற்று ஆவணங்களில், ஊரக வேலை உறுதித் திட்டத்தின் வேலை அட்டையும் அஞ்சலகக் கணக்குப் புத்தகமும் இருந்தன. நாட்டின் அரசைத் தேர்ந்தெடுக்கப் போதுமான அந்த வேலை அட்டை, மும்பையிலிருந்து ராஞ்சி செல்லும் விமானத்துக்குப் போதாது. அதே ஆணையம் 2025 ஜூனில் பிகாரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தைத் தொடங்கியபோது அறிவித்த 11 ஆவணங்களிலோ ஆதாரும் இல்லை, ரேஷன் அட்டையும் இல்லை, ஆணையமே வழங்கிய வாக்காளர் அட்டையும் இல்லை. ஆதாரை 12-ஆவது ஆவணமாக ஏற்குமாறு உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 8-ஆம் தேதி உத்தரவிட வேண்டியிருந்தது. வாக்காளர் தகுதியைச் சரிபார்ப்பதும் விமானப் பயணியின் முகத்தைச் சரிபார்ப்பதும் ஒன்றல்ல என்பது சரியே. ஆயினும், ஒரே மனிதர் ஒரு வாசலில் தமக்கு உரியவராகவும் மறு வாசலில் யாரென்று தெரியாதவராகவும் ஆவதைச் சாமானியருக்கு விளக்குவது எளிதன்று.

முதலெழுத்துச் சிக்கல்: ஆவணம் இருந்தாலும் பெயர் பொருந்த வேண்டும். இங்குதான் தமிழர்களின் தொல்லை தொடங்குகிறது. டிக்கெட் பதிவுப் படிவங்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டைக் கேட்கின்றன. குடும்பப்பெயர் இல்லாமல் தந்தையின் பெயரை ஒற்றை எழுத்தாகச் சுமக்கும் சமூகத்துக்கு அந்த இரண்டாவது கட்டம் ஒரு புதிர். வாக்காளர் அட்டையில் "செல்வம் மு." என்றிருப்பவர், முதலெழுத்தை ஏற்காத பான் அட்டையில் "செல்வம் முருகன்" ஆகிறார். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் வெற்றாகவே இருக்கும். டிக்கெட்டிலோ, பதிவு செய்துகொடுத்த முகவர் தம் விருப்பப்படி தந்தை பெயரை முன்னாலோ பின்னாலோ போட்டிருப்பார். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுடன் வருவோரின் சுற்றுலா விசாக்களுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் தடை விதித்தபோது இந்தத் தொல்லையின் வெளிநாட்டு முகம் தெரிந்தது.

உள்நாட்டில் சிறு வேறுபாடுகள் பெரும்பாலும் கண்டுகொள்ளப்படுவதில்லை. எது சிறு வேறுபாடு என்பதுதான் கேள்வி. தமிழ்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல் அட்டைக்கு அட்டை மாறும். 'ழ'கரம் உள்ள பெயரை மூன்று அட்டைகளில் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். திருமணத்துக்குப் பின் பெயர் மாறிய பெண்கள், பெயரையும் பாலினத்தையும் மாற்றிப் பதிவு செய்துகொண்ட திருநர்கள் ஆகியோரின் நிலை இதனினும் கடினம்.

பெயர்ப் பிழைகளை, டிக்கெட் வாங்கிய 24 மணி நேரத்துக்குள் சுட்டிக்காட்டினால் கட்டணமின்றித் திருத்த வேண்டும் என்று விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் விதி செய்துள்ளது. ஆனால், விமான நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாக வாங்கிய டிக்கெட்டுக்கு மட்டுமே அந்தச் சலுகை. தாமே இணையதளத்தில் பதிவு செய்யத் தெரிந்தவர் பிழை விடுவது குறைவு. முதன்முறை விமானம் ஏறுபவர், தெருமுனை முகவரிடமோ கணினி மையத்திலோ பணம் கொடுத்து வாங்குகிறார். பிழையும் அங்கேதான் நேர்கிறது. சலுகையும் அங்கேதான் கிடைப்பதில்லை.

காகிதமும் கண்ணும்: பட்டியல்கள் தாமாக அமலாவதில்லை என்பதற்கு விமான நிலையங்களிலேயே நல்ல உதாரணம் உண்டு. உடல் சோதனையிலிருந்து விலக்குப் பெற்ற பிரமுகர்களின் பட்டியல் ஒன்றும் அங்கே உண்டு. எந்தப் பதவியும் வகிக்காத ராபர்ட் வதேராவின் பெயர் அதில் நெடுங்காலம் இருந்து, 2015 செப்டம்பரில் நீக்கப்பட்டது. அந்தப் பட்டியலில் முன்னாள் குடியரசுத் தலைவர்களும் உண்டு. ஆயினும், 2009 ஏப்ரலில் தில்லி விமான நிலையத்தில் ஏ.பி.ஜே. அப்துல் கலாமை அமெரிக்க விமான நிறுவனமான கான்டினென்டலின் ஊழியர்கள் சோதனையிட்டனர். ஜூலையில் இது தெரியவந்தபோது மாநிலங்களவை கொந்தளித்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. கலாம் புகார் ஏதும் செய்யவில்லை. பட்டியலில் இருந்த கலாமுக்கே அது நேர்ந்தது. பட்டியலில் தன் கணக்குப் புத்தகமும் உண்டு என்று வாசலில் வாதாட வேண்டிய முதியவரின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

வாசலில் நிற்கும் வீரரிடம் அட்டையின் உண்மைத்தன்மையைச் சோதிக்கப் பெரும்பாலும் கண்ணைத் தவிர வேறு கருவி இல்லை என்பதும் சொல்லப்பட வேண்டும். அந்தக் கண்ணைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. 2019 செப்டம்பரில் தில்லி விமான நிலையத்தில், தலைமுடிக்கும் தாடிக்கும் வெள்ளைச் சாயம் பூசி, சக்கர நாற்காலியில், 81 வயது முதியவரின் பாஸ்போர்ட்டுடன் நியூயார்க் செல்லவிருந்த 32 வயது இளைஞர் பிடிபட்டார். காட்டிக்கொடுத்தது பாஸ்போர்ட் அல்ல. சுருக்கமே விழாத தோல். பெட்டியில்லாமல், வீட்டிலிருந்தே இருக்கைப் பதிவு செய்துவிட்டு வரும் இன்றைய பயணியின் முகத்தையும் அட்டையையும் நிதானமாக ஒப்பிட்டுப் பார்ப்பவர் பல நேரங்களில் அந்த வாசல் காவலர் ஒருவரே.

முகமே அட்டை: அந்தக் கண்ணின் இடத்தில் இப்போது கேமரா வந்துகொண்டிருக்கிறது. 2022 டிசம்பர் 1-ஆம் தேதி தில்லி, பெங்களூர், வாராணசி விமான நிலையங்களில் தொடங்கிய 'டிஜி யாத்ரா' திட்டம், பின்னர் சென்னை, கோவை உள்ளிட்ட பல நிலையங்களுக்கு விரிந்தது. ஆதாரைக் கொண்டு செயலியில் ஒருமுறை பதிவு செய்துகொண்டவர், வாசலில் முகத்தைக் காட்டினால் போதும், கதவு திறக்கும். வரிசை வேகமாக நகர்கிறது என்பதை அடிக்கடி பறப்பவர்கள் மறுப்பதில்லை.

இதை நடத்துவது அரசுத் துறை அல்ல. இந்திய விமான நிலைய ஆணையம் 26 சதவீதமும், தில்லி, மும்பை, பெங்களூர், ஹைதராபாத், கொச்சி விமான நிலைய நிறுவனங்கள் 74 சதவீதமும் பங்கு வைத்துள்ள, 2019-இல் தொடங்கப்பட்ட லாப நோக்கற்ற நிறுவனம். பயணிகளுக்குத் தெரியாமலே வாசலில் முகப்படம் எடுத்துப் பதிவு செய்வதாகப் புகார்கள் கிளம்பியபோது எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கேள்வி எழுப்பினர். திட்டம் கட்டாயமில்லை, விவரங்கள் பயணியின் செல்பேசியிலேயே இருக்கின்றன, விமான நிலையத்துக்கு வரும் விவரங்கள் விமானம் புறப்பட்ட 24 மணி நேரத்தில் அழிக்கப்படுகின்றன என்பது அமைச்சகத்தின் பதில். இந்த விவரங்களைக் கொண்டு வரி ஏய்ப்பாளர்களைத் தேடுவதாக 2024 இறுதியில் செய்தி பரவியதும் வருமான வரித் துறை அவசரமாக மறுத்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டிலேயே நிறைவேறியிருந்தும், அதன் விதிகள் வெளியாக 2025 நவம்பர் ஆகிவிட்டது.

வங்கிக் கணக்குடனும் செல்பேசியுடனும் ஆதாரை இணைப்பதைக் கட்டாயமாக்கியது செல்லாது என 2018 செப்டம்பர் 26-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விமான நிலையத்திலும் ஆதார் கட்டாயமென்று எந்த உத்தரவும் சொல்லவில்லை. பத்தில் அது ஒன்று. ஆனால், பயணச்சீட்டையும் அட்டையையும் துழாவும் வரிசை நீள்வதும், முகம் காட்டும் வரிசை விரைவதும் நடக்கும் இடத்தில், ஒன்பது ஆவணங்களின் மதிப்பு உத்தரவு ஏதுமின்றியே குறைந்துவிடுகிறது.

ஆதார் எல்லோரிடமும்தான் இருக்கிறதே என்ற வாதத்துக்கு அஸ்ஸாமே பதில். தேசியக் குடிமக்கள் பதிவேட்டுப் பணியின்போது விரல்ரேகை முதலியவற்றை அளித்த சுமார் 27 லட்சம் பேரின் விவரங்கள் முடக்கப்பட்டதால், அவர்கள் பல ஆண்டுகள் ஆதார் பெற முடியாமல் தவித்தனர். அவர்களில் 9 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு ஆதார் வழங்கப்படும் என்ற அறிவிப்பு 2024 ஆகஸ்டில்தான் வந்தது. வெள்ளமும் நிலச்சரிவும் ரயில் பாதையை அடிக்கடி துண்டிக்கும் வடகிழக்கில் விமானம் ஆடம்பரமன்று என்பதை அப்பகுதி எம்.பி.க்கள் நன்கு அறிவர்.

90 ஆண்டுப் பழைமையான 1934-ஆம் ஆண்டு விமானச் சட்டத்துக்கு மாற்றாக, பாரதிய வாயுயான் மசோதா 2024 ஆகஸ்டில் மக்களவையிலும் டிசம்பரில் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விவாதத்தில் அதிகம் கவனம் பெற்றது மசோதாவின் ஹிந்திப் பெயர்தான். தென் மாநில உறுப்பினர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தனர். பயணி எந்த அட்டையைக் காட்ட வேண்டும் என்பது சட்டத்தின் வாசகத்தில் இல்லை. அதைப் பாதுகாப்பு அமைப்பின் உத்தரவுகள் வசம் சட்டம் விட்டிருக்கிறது. ஆகவே, புகைப்படம் பதித்த ரேஷன் அட்டையைப் பட்டியலில் சேர்க்கவோ, பாட்டியுடன் பறக்கும் பேரனுக்கு விலக்கு அளிக்கவோ சட்டத் திருத்தம் தேவையில்லை. அவை கூடவும் வேண்டியதில்லை. 2017 அக்டோபரில் பத்து ஆவணங்களை அறிவித்தது போன்ற இன்னோர் உத்தரவே போதும்.